குடுவை பழுப்பான பிறகு

வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச் சாற்றை ஊற்றிவிட்டுக் குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்பது, ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாய்த்த சிறு இன்பங்களுள் ஒன்று. முதலில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும் கலவை அரை மணி நேரத்தில் தேன் நிறத்தை எட்டும். மாலைக்குள் கடுந்தேநீர் போலப் பழுப்பாகிவிடும். அந்த நிறத்தைக் கண்டதும் வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள், கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போன நாட்கள் பல. அப்படி எழுதியவற்றுள் பாதியைப் பின்னாளில் நானே அடித்துத் திருத்த நேர்ந்தது.

செய்முறை எளிது. கொய்யா இலை பத்துக் கிராம் எடுத்து, கழுவி, நறுக்கி, 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினேன். ஒரு மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசலுக்கு 100 மில்லிலிட்டருக்கு 17 மில்லிகிராம் உப்புதான் தேவை. ஒரு சிட்டிகையிலும் குறைவு. ஒன்பது பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு சாறு. வெள்ளி அயனி எலக்ட்ரானை ஏற்கக் காத்திருக்கும் ஒன்று. அந்த நாட்டத்தை அளக்கும் நியம ஒடுக்க மின்னழுத்தம் அதற்கு 0.80 வோல்ட். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள், ஃபிளாவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்கள் தம் ஹைட்ராக்சில் தொகுதிகள் வழியாக அந்த எலக்ட்ரானைத் தந்து தாம் குயினோன்களாக மாற, மின்சுமை இழந்த வெள்ளி அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துகளாக வளர்கின்றன. சாற்றின் புரதங்களும் எஞ்சிய ஃபீனால்களும் துகளின் மேல் போர்வையாகப் படிந்து, அது மேலும் வளர்ந்து அடியில் படிந்துவிடாமல் தடுக்கின்றன. எலக்ட்ரானைத் தரும் ஒடுக்கியும் துகளைக் காக்கும் நிலைநிறுத்தியும் ஒரே சாற்றில் கிடைப்பதுதான் இம்முறையின் கவர்ச்சி. நிறத்துக்குக் காரணம் துகளின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவது. கோள வடிவ வெள்ளித் துகள்கள் 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியை விழுங்கிவிடுவதால் மிச்சமுள்ள ஒளி நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

உலோகத்தை இப்படித் திரவத்தில் மிதக்கவிடுவது பழைய கலை. மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே மாணிக்கச் சிவப்பு நிறத் தங்கக் கூழ்மத்தைச் செய்து, அந்தச் சிவப்பு நுண்ணிய தங்கத் துகள்களால் வருவது என்று விளக்கியிருக்கிறார். தாவரங்கள் இக்கதைக்குள் வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். உயிருள்ள குதிரைமசால் செடிக்குள் தங்க நானோ துகள்கள் உருவாவதை 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். புனேவிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004-இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்கம், இரண்டும் கலந்த துகள் ஆகியவற்றைச் செய்தது. அதன் பிறகு இம்முறைக்கு உட்படாத இலை, பட்டை, தோல், விதை எதுவும் மிச்சமில்லை என்றே சொல்லலாம்.

என் முதல் தவறு சிறியது. குடுவையைக் குழாய் நீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தினேன். வெள்ளி நைட்ரேட்டை ஊற்றியதும் பால் கலந்தது போல மெல்லிய கலங்கல் தோன்றியது. சாறு சேர்ந்ததும் அது பழுப்புக்குள் மறைந்துவிட்டது. அந்தக் கலங்கல் வெள்ளி குளோரைடு. மாதிரியில் எந்தப் படிகங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் உலோக வெள்ளிக்குரிய 38 பாகைக் கூர்முனைக்கு முன்னால் 28, 32 பாகைகளில் அழையா விருந்தாளிகளாக இரண்டு முனைகள் நின்றன. குழாய் நீரில் மட்டுமல்ல, இலைச் சாற்றிலும் குளோரைடு உண்டு என்பதால், குடுவையை ஒழுங்காக அலசிய பிறகும் அந்த முனைகள் முழுதாக மறையவில்லை.

இரண்டாவது தவறுதான் பெரியது. துகள்கள் பாக்டீரியாவைக் கொல்லுமா என்று பார்க்க, ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் பரப்பிய அகர் என்னும் கூழ்த் தட்டில் குழி வெட்டி, என் பழுப்புக் கரைசலை ஊற்றி, மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது குழியைச் சுற்றி, பாக்டீரியா வளராத தெளிவான தடுப்பு வளையம் இருந்தது. ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர், “வெள்ளி நைட்ரேட்டை மட்டும் ஊற்றிய குழி எங்கேம்மா?” என்று கேட்டார். இல்லை. மறுபடி செய்தேன்: ஒரு குழியில் சாறு மட்டும், இன்னொன்றில் அதே செறிவுள்ள வெள்ளி நைட்ரேட் மட்டும், மூன்றாவதில் என் துகள்கள், நான்காவதில் மையவிலக்கியில் மூன்று முறை சுழற்றிக் கழுவிய அதே துகள்கள். வெள்ளி நைட்ரேட்டின் வளையம் என் துகள்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருந்தது. கழுவிய துகள்களைச் சுற்றி வளையம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. குழியின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மட்டும். நான் அளந்து மகிழ்ந்தது, ஒடுங்காமல் கரைசலில் மிஞ்சியிருந்த வெள்ளி அயனியின் வேலையைத்தான்.

இதிலிருந்து துகள்களுக்குத் திறனே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. போர்வை போர்த்திய துகள் அகரின் வலைக்குள் எளிதில் நகராது. நகராத பொருளுக்கு வளையம் விழாது. ஆகவே வளர்ப்புத் திரவத்தில் துகள்களைப் படிப்படியாக நீர்த்து, எந்தச் செறிவு வரை பாக்டீரியா வளரவில்லை என்று பார்ப்பதே முறை. அங்கும் ஒரு சிக்கல் உண்டு: துகள்களே பழுப்பாகக் கலங்கியிருக்கும்போது, பாக்டீரியாவால் வந்த கலங்கல் எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு குழாயிலிருந்தும் துளி எடுத்துப் புதிய தட்டில் பரப்பி, முளைக்கும் கூட்டங்களை எண்ணுவதுதான் வழி. அலுப்பூட்டும் வேலை, ஆனால் இங்கே கழுவிய துகள்கள் உண்மையாகவே வேலை செய்தன.

எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு நல்ல விடை. ஆக்சிஜன் இல்லாத சூழலில் துகள்களால் அயனியை வெளியிட முடியாது. அந்நிலையில் அவை ஈ. கோலையைக் கொல்லவில்லை. காற்றுப் பட்டால்தான் மேற்பரப்பு மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அயனிகள் கசிகின்றன. அவை பாக்டீரியாப் புரதங்களின் கந்தகத் தொகுதிகளைப் பிடித்துக்கொண்டு சுவாச நொதிகளை முடக்குகின்றன. அதாவது துகள் என்பது அயனியைச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் கிடங்கு. அந்தக் கிடங்கு எவ்வளவு விரைவாகத் திறக்கும் என்பதில்தான் தாவரப் போர்வைக்குப் பங்கு உண்டு.

என் மனக்குறை இங்கேதான். எந்த இலையைக் கொதிக்கவைத்தாலும் ஏறத்தாழ அதே பழுப்பு வரும் என்றிருக்க, ஒவ்வொரு கட்டுரையும் தன் தாவரத்தின் மருத்துவக் குணங்களைப் பட்டியலிட்டுவிட்டு, வளையத்துக்கு அக்குணங்களே காரணம் என்பதுபோல் முடிக்கிறது. சாறு மட்டும் ஊற்றிய குழி பல கட்டுரைகளில் இருப்பதில்லை. வெள்ளி நைட்ரேட் குழி இன்னும் அரிது. ‘பசுமை’ என்ற அடைமொழியும் பாதிதான் பொருந்தும்: வழக்கமான வேதி ஒடுக்கியான சோடியம் போரோஹைட்ரைடைத் தவிர்த்துவிட்டோம், சரி, ஆனால் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சான வெள்ளி நைட்ரேட் அப்படியேதான் இருக்கிறது. போதாததற்கு, மழைக்காலத்தில் பறித்த இலையும் கோடையில் பறித்த இலையும் ஒரே துகளைத் தருவதில்லை.

வெள்ளிக்கு எதிர்ப்பு உருவாகாது என்ற நம்பிக்கையும் செல்லாது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வெள்ளியை எதிர்த்து நின்ற சால்மோனெல்லா பற்றிய அறிக்கை 1975-இலேயே வந்துவிட்டது. 2018-இல் செக் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் விந்தையானது. திரும்பத் திரும்ப வெள்ளி நானோ துகள்களைச் சந்தித்த ஈ. கோலை, மரபணுவில் எந்த மாற்றமும் இன்றி, தன் கசையிழையின் புரதமான ஃபிளாஜெல்லினை வெளியே சுரந்து துகள்களைத் திரளச் செய்து செயலிழக்க வைத்தது. அந்தச் சுரப்பை அடக்க அவர்கள் பயன்படுத்தியது மாதுளைத் தோலின் சாறு.

தாவரத்தின் பெயரைச் சொல்ல நியாயமான காரணம் உள்ள இடம் இது. இப்போது என் மேசையில் கொய்யாத் துகள்கள், கழுவியவை, ஒரு தாங்கியில் நிற்கின்றன. பக்கத்தில் மாதுளைத் தோல் சாறு, தனியாக. அடுத்த தட்டில் குழி வெட்டப் போவதில்லை. எண்ண வேண்டிய கூட்டங்கள் நிறைய இருக்கும்.