கான் வெட்டும் மண்ணிலிருந்து ஒரு வகைப்படுத்தல் பாடம்

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பித்து வரும் எனக்கு, பாடத்திட்டத்தில் மிகவும் விருப்பமான அலகு உயிரினங்களின் வகைப்படுத்தல்தான். மாணவர் பலருக்கோ அதைப் போலச் சலிப்பூட்டும் அலகு வேறில்லை. பேரிராச்சியம், இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற ஒழுங்கையும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரிய இயல்புப் பட்டியலையும் மனனம் செய்து முடித்தால் பரீட்சைக்குப் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். புள்ளிகளும் ஓரளவு கிடைத்துவிடுகின்றன. ஆனால், ஓர் உயிரை ஒரு கூட்டத்தில் சேர்ப்பது அதன் வம்சத்தைப் பற்றி நாம் சொல்லும் ஒரு கூற்று என்பதையும், அந்தக் கூற்றுக்குச் சான்று கேட்கலாம், சான்று மாறினால் கூற்றையும் திருத்தலாம் என்பதையும் மனனம் ஒருபோதும் கற்றுத் தராது. அதைக் கற்பிக்க வேண்டிய பொருளெல்லாம் எங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள தேயிலை மலையிலேயே கிடைக்கிறது.

ஒரு மாணவி பழைய ஜாம் போத்தலில் ஓர் உயிரினத்தைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது மம்பட்டி பட்டு இறந்ததாம். "சேர், அப்பா இத பாம்புங்குறாரு, அம்மா புழுங்குறாங்க" என்றாள். ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளம், கரும்பழுப்பு உடல், இரு பக்கமும் தலையிலிருந்து வால் வரை ஓடும் மஞ்சட் பட்டை, உடல் முழுவதும் நெருக்கமான வளையங்கள். தட்டில் வைத்துக் கைவில்லையால் பார்த்தபோது கண்கள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. கண்ணுக்கும் நாசித்துவாரத்துக்கும் இடையில் குறுகிய பரிசக்கொம்பு ஒன்று இருந்தது. அது காலில்லாத ஈரூடகவாழியான இக்தியோபிசு சாதியைச் சேர்ந்தது என எனக்குத் தெரிந்தும், பெயரைச் சொல்லாமல் இணைக்கவர்ச்சுட்டி ஒன்றை, அதாவது ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒரு விடையைத் தெரிந்து உயிரை இனங்காணும் கேள்வி வரிசையை, தயாரிக்கும்படி வகுப்பிடம் கேட்டேன். கான் வெட்டும் மண்ணிலிருந்து காலில்லாத நீண்ட உயிர்கள் மூன்று வகையாக வெளிவருகின்றன. மண்புழுவும், வால் நுனி கேடயம் போல் மழுங்கிச் சொரசொரப்பாக இருக்கும் ரைனோபிசு சாதிப் பாம்பும், இந்த இக்தியோபிசும் என அந்த மூன்றையும் பிரித்தறியும் சுட்டியாக அது அமைய வேண்டும் என்றேன்.

முதற் கேள்வி எளிதாக அமைந்தது. மம்பட்டி வெட்டிய இடத்தில் முள்ளந்தண்டு தெரிந்ததால், வளையங்கள் இருந்தும் அது மண்புழு அல்ல என்று அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது கேள்வியை, "செதிள் உண்டு என்றால் பாம்பு, இல்லை என்றால் ஈரூடகவாழி" என்று எழுதினார்கள். வழுவழுப்பான தோலில் செதிள் எதுவும் தென்படவில்லை. ஆனால் மாணவன் ஒருவன் ஊசியால் வளையங்களின் இடுக்கைக் கிளறி, தோலுக்குள் புதைந்திருந்த நுண்ணிய செதில்களை எடுத்துக் காட்டினான். சுட்டி அந்த இடத்திலேயே உடைந்தது. இக்கூட்டத்தின் உயிர்கள் பலவற்றுக்கு இத்தகைய புதைந்த செதில்கள் உண்டு. "உடலின் வெளிப்புறத்தை மூடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள் உண்டா?" எனக் கேள்வியைத் திருத்தி எழுத அன்றைய பாடவேளை முழுவதும் சென்றது. அந்த நேரம் வீணானதாக நான் கருதவில்லை. ஓர் இயல்பு "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதுவதற்கு முன், அது எங்கே, எவ்வாறு அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் தங்கள் கைகளாலேயே கண்டுகொண்டார்கள்.

அந்த மாணவியின் அப்பா நினைத்தது போலவே, இன்றைய வகைப்படுத்தல் முறைக்கு அடித்தளமிட்ட லின்னேயசும் நினைத்தார். 1758இல் வெளியான தமது வகைப்படுத்தல் நூலின் பத்தாம் பதிப்பில் இவ்வுயிரைப் பாம்புகளோடுதான் அவர் வைத்தார். பின்னர் 1880களில் இலங்கைக்கு வந்த, ஒருவருக்கொருவர் உறவினரான சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர்கள் பால் சரசினும் பிரிட்சு சரசினும் இதன் முட்டைகளையும் கருவிருத்தியையும் ஆராய்ந்தார்கள். தாய் மண்ணுக்குள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்து காப்பதையும், பொரித்து வரும் குடம்பி (இளம் பருவம்) நீரில் வாழ்வதையும் அவர்களுடைய நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. பாம்பின் தோற்றம் கொண்டது தவளையின் உறவு என்பதற்கு அத்தகைய சான்றுகள் தேவைப்பட்டன.

குடம்பி நீரில் வாழ்வதே ஈரூடகவாழியின் அடையாளம் என்று மாணவர் உடனே முடிவுகட்டிவிடுவார்கள். அப்போது நான் மலைநாட்டின் புதர்த் தவளைகளைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். இலங்கையில் பெரிதும் பல்கிப் பெருகியுள்ள சூடோபிலாட்டசு சாதித் தவளைகளுக்கு வாற்பேத்தைப் பருவம் கிடையாது. அவற்றுள் பெரும்பாலானவை ஈரமண்ணில் குழி பறித்து முட்டையிடுகின்றன. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, வெளியே வரும்போது சிறு தவளையாகவே வருகின்றன. காலில்லாத ஒன்றுக்கு நீர்வாழ் குடம்பி இருக்கிறது, தாவித் திரியும் தவளைக்கு இல்லை. எனவே "இளமையில் நீரில், முதுமையில் நிலத்தில்" என்ற ஒற்றை வரி இரண்டையும் ஒரு வகுப்பில் வைத்திருக்கப் போதாது. ஈரலிப்பான சுரப்பித் தோல், முளையத்தைச் சூழும் அம்னியன் சவ்வு இல்லாத முட்டை, என்புக்கூட்டின் அமைப்பு, இன்று டீ.என்.ஏ. ஒப்பீடு எனப் பல சான்றுகள் சேர்ந்தே அவற்றை ஒரே மூதாதையிடம் கொண்டுசெல்கின்றன. விதிவிலக்குகளைச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று சக ஆசிரியர் சிலர் சொல்வதுண்டு. விதிவிலக்கைக் கண்ட மாணவர்தாம் விதியின் காரணத்தைக் கேட்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

தேயிலைச் செடியின் நோய்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. 1946இல் இலங்கையில் தோன்றிய கொப்புள நோய், இளங்கொழுந்தின் அடிப்புறத்தில் வெண்மையாகப் புடைக்கும் ஒரு பங்கசால் (பூஞ்சையால்) வருகிறது. செம்மஞ்சள் நிறத்தில் படரும் செந்துருவையும் மாணவர் பங்கசு என்றே எழுதுவார்கள். அதற்குக் காரணமான செபலூரோசு ஒரு பச்சை அல்கா (பாசி). செம்மஞ்சள் நிறப்பொருள் அதன் பச்சையத்தை மறைத்துவிடுகிறது. அதன் இயங்குவித்திகள் சவுக்குமுளை என்ற சாட்டை போன்ற இழை கொண்டு நீந்துகின்றன. பங்கசுகளையே முன்பு தாவரங்களோடு வைத்திருந்தார்கள். அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் 1969இல் முன்வைத்த ஐந்து இராச்சிய முறையில் அவற்றுக்குத் தனி இராச்சியம் கிடைத்தது. இன்று அவை தாவரங்களை விட விலங்குகளுக்கே நெருங்கியவை என்று அறிகிறோம்.

இப்போது எதையும் பிடித்துக் கொண்டுவர வேண்டாம் என்று மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். இலங்கையின் இக்தியோபிசு இனங்கள் மூன்றும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் ஒன்று மம்பட்டிக்கு இரையாவதும் வருத்தத்துக்குரியது. பெற்றோர் மலையில் கண்டதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு ஈரமண்ணில் விட்டுவிடுகிறார்கள். படத்தில் முள்ளந்தண்டையோ புதைந்த செதிலையோ காண முடியாது என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு பிரித்தறியும் புதிய சுட்டியை இவ்வாண்டு வகுப்பு எழுதி வருகிறது. வால் நுனி சொரசொரப்பான கேடயமாக இருக்கிறதா என்பதே அதன் முதற் கேள்வி. மஞ்சட் பட்டையை இரண்டாவதாக வைக்கலாமா என்பதில் இன்னும் விவாதம் முடியவில்லை. அந்த மூன்று இனங்களுள் எல்லாவற்றிலும் அந்தப் பட்டை இருப்பதில்லை.