மங்க்டன் கூமில் ஹாரி பாட்ச்

இங்கிலாந்தின் பாத் நகருக்குத் தெற்கே, குன்றின் மேலிருக்கும் கூம் டவுனிலிருந்து மங்க்டன் கூம் பள்ளத்தாக்குக்கு நடந்தே இறங்கினேன். வழியெங்கும் உள்ள வீடுகள் அந்த வட்டாரத்திலேயே வெட்டியெடுத்த தேன்நிறக் கல்லால் கட்டியவை. அத்தகைய கல்லைச் செதுக்கிய கொத்தர் ஒருவரின் மகனாகக் கூம் டவுனில் 1898 ஜூன் 17 அன்று பிறந்து, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்து, 2009 ஜூலை 25 அன்று தமது 111ஆம் வயதில் மறைந்த ஹாரி பாட்ச், கீழேயுள்ள தேவாலய வளாகத்தில் தம் குடும்பத்தாருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பிளம்பர் வேலை பழகிக்கொண்டிருந்தவரைக் கட்டாய ராணுவச் சேவை பெல்ஜியத்தின் பாஷென்டேல் போர்க்களச் சேற்றுக்கு இட்டுச் சென்றது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்த அவர், தம்மை நோக்கி ஓடிவந்த ஜெர்மானிய வீரரைக் கொல்ல மனமின்றிக் காலில் சுட்டார். 1917 செப்டம்பர் 22 இரவு விழுந்த குண்டு குழுவின் மூவரைப் பலிகொண்டது. படுகாயத்துடன் இவர் பிழைத்தார். அதன்பின் 80 ஆண்டுகள் அந்தப் போரைப் பற்றி மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று நாடே அஞ்சலி செலுத்தினாலும், அவருக்கு நினைவு நாள் செப்டம்பர் 22தான்.

நூறு வயதைக் கடந்த பின்னரே மரியாதைகள் தேடி வந்தன. 1999இல் பிரான்சு தன் உயரிய லெஜியன் தோனர் விருதை அளித்தது. 2005இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் வழங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் இளவயதில் குழாய் பதித்தவர் அவர். உழைத்த கைகளுக்கே கிடைத்த பட்டம் என்பதால், விருதுகளுள் இதுவே என் மனத்துக்கு நெருக்கமானது.

அவரை வழியனுப்பிய விதம் அதைவிட மேலானது. வெல்ஸ் பேராலயத்தில் 2009 ஆகஸ்ட் 6 அன்று நடந்த இறுதிச் சடங்கில், அவர் விருப்பப்படி, அலங்கார ஆயுதங்களுக்குக்கூட இடமில்லை. பெல்ஜியம், பிரான்சு நாட்டு வீரர்களோடு ஜெர்மனியின் வீரர் இருவரும் பேழைக்குத் துணையாக நடந்தனர். படைவீரர் ஒருவருக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான மரியாதை உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

110 வயதில், 2008 செப்டம்பரில், தம் படைப்பிரிவு 1917இல் கடந்த பெல்ஜியத்தின் ஸ்டீன்பேக் ஓடைக் கரைக்கே சென்று, தோழர்களுக்காக ஒரு நினைவுக் கல்லை அவர் திறந்து வைத்தார். என் அடுத்த பயணம் அந்த ஓடைக்கரைக்குத்தான்.