ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை

மியன்மாரின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) ஒரு பருப்புக் குடோனில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். உளுந்துதான் முக்கியச் சரக்கு. நெல் அறுத்த வயலில் விதைத்தது பிப்ரவரி, மார்ச்சில் வந்து இறங்கும். சுத்தம் செய்து, மூட்டை பிடித்து, தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றுவோம். உள்ளூரில் வாங்குவது வீசைக் கணக்கு, அனுப்புவது டன் கணக்கு. ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. இரண்டையும் பிசகாமல் நேர் செய்வதில் எனக்குப் பெருமை உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளி ஒரு பையனைச் சேர்த்தார். எனக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் அவனுக்கும். தெரிந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். “ஆண்டவரே, இது நியாயமா?” என்றுதான் ஜெபித்தேன்.

அந்த வாரம் தமிழ் ஆராதனையில் வாசித்த பகுதி மத்தேயு 20, இயேசு சொன்ன ஓர் உவமை. திராட்சத்தோட்டத்துக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார், 9 மணிக்கு, 12க்கு, 3க்கு, கடைசியாக மாலை 5 மணிக்கும். எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு பணம். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். இது அநியாயம் என்று முணுமுணுத்த விடியற்காலை ஆட்கள் பக்கமே எப்போதும் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வேறொரு வரி காதில் விழுந்தது. ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்றதற்கு 5 மணி ஆட்கள் சொன்ன பதில்: “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.”

எங்கள் கேட்டில் தினமும் அப்படி நிற்பார்கள். அதில் ஒரு தமிழ்ப் பெரியவர். தோளில் மூட்டை தூக்கும் கொக்கி, கையில் இரண்டு அடுக்கு கேரியர். இளவட்டங்களை மேஸ்திரி முதலில் எடுத்துக்கொள்வார். வேலை இல்லாத நாளில் பெரியவர் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார், பேரப்பிள்ளைகளுக்கு ஆகும் என்று.

ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று அதைப் பன்னிரண்டில் ஒரு பங்காக வெட்டிக் கொடுத்தால் அடுப்பு எரியுமா? விடியற்காலையில் வந்தவன் வெயிலில் வெந்தான், உண்மைதான். ஆனால் சாயங்காலம் வீட்டில் சோறு உண்டு என்ற நிச்சயத்தோடு வெந்தான். நின்றவனுக்கு அந்த நிச்சயம் பகல் முழுக்க இல்லை. இது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இந்த உவமையைக் காட்டிக் கூலியைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரிய தப்பு. அந்த எஜமான் பேசிய கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை, அன்று மாலையே கொடுத்தார். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்திலேயே உள்ள கட்டளை. நியாயத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் தயவு காட்டினார்.

அப்புறம்தான் என் மஞ்சள் காமாலை ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். சம்பளம் மாதம் தவறாமல் வீடு தேடி வந்தது. கர்த்தர் நல்லவர் என்று சபையில் சாட்சி சொன்னேன். வேலை செய்யாதவனுக்கு எதற்குச் சம்பளம் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லையே! கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கசப்பு உடனே போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

போன மார்ச்சில் ஒரு நாள், கண்டெய்னர் ஏற்ற ஆள் போதாமல் 3 மணிக்குப் பெரியவரைக் கூப்பிட்டோம். வழக்கப்படி அரைக் கூலி. முதலாளியிடம் போய், “முழுசாகக் கொடுத்துவிடலாமா?” என்று கேட்டேன். பேரேட்டிலிருந்து தலை தூக்காமலே, “கொடு” என்றார்.

பெரியவர் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். பாதியைப் பிரித்து என்னிடமே நீட்டினார்.

“தம்பி, கணக்குத் தப்பிப் போச்சு.”

“தப்பலைங்க ஐயா. சரியாத்தான் இருக்கு.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு, குடோன் படியில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார்.