அடுப்பு 80, சிங்க் 94: சமையலறை நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

இந்தச் சமையலறைக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பூப்போட்ட பழுப்பு டைல்ஸ், செங்கல் கால்களின் மேல் கிடத்திய கல் மேடை, எண்ணெய்ப் பிசுக்கில் கதவு ஒட்டிக்கொள்ளும் மர அலமாரி, முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு டியூப்லைட். மாற்றலாமா என்று நான் கேட்க ஆரம்பித்து நாலு வருஷமாகிறது. நேற்று ஒரு கதவு கீலோடு கழன்று அம்மாவின் கையோடு வந்துவிட்டது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "சரி, ஆரம்பி" என்றாள்.

மார்ச் 8

கலர் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு நாள் போனது. வீண் வேலை. இன்று காலை அம்மா சமைக்கும்போது நோட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து, அவள் எங்கிருந்து எங்கே போகிறாள் என்று கோடு போட்டேன். ஃபிரிட்ஜ் இருப்பது ஹாலில், உள்ளே இடமில்லை. சிங்க் ஒரு மூலை, அடுப்பு எதிர்ப்பக்கம் ஜன்னலுக்குக் கீழே. நாற்பது நிமிஷத்தில் ஹாலுக்கு மட்டும் 11 தடவை போய் வந்தாள். "என்னடா, வேவு பார்க்கிறியா?" என்று கேட்டாளே தவிர நடையைக் குறைக்கவில்லை, எப்படிக் குறைப்பாள்.

ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் ஒரு முக்கோணமாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர், மூன்றும் சேர்ந்து 8 மீட்டருக்குள். 1940-களில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் போட்ட கணக்கு இது. எங்கள் முக்கோணம் 13 மீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஒரே ஆள் சமைக்கும் வீட்டுக்கு. இங்கே சமையல் அம்மா, பாத்திரம் நான். இரண்டு பேர் முதுகு இடிக்காமல் புழங்க நடுவில் 120 செ.மீ. வேண்டுமாம். எப்படி வரைந்து பார்த்தாலும் 112 தான் வருகிறது. 8 செ.மீ.க்காகச் சண்டை போடும் குடும்பம் இல்லை, விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் படித்தேன். 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஃபிராங்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக வரைந்த சமையலறைதான் இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி. 1.9க்கு 3.4 மீட்டர், அவ்வளவே. அதை வரையும் வரைக்கும் தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, கூடவே ஒவ்வொன்றையும் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது என்றும் பட்டது.

மார்ச் 15

இன்று உயரம். இதைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பழைய மேடை 86 செ.மீ. அம்மா அடுப்புக்கு முன்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் இத்தனை வருஷமாகக் கிளறுகிறாள். அது ஏதோ அவள் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்கு நேர்மாறு, பாத்திரம் தேய்த்து முடித்தால் இடுப்பு விட்டுப்போகும்.

கையை மடக்கி நின்றால் முழங்கை எங்கே வருகிறதோ, அதிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் உடம்பு வளையாது. அம்மாவின் முழங்கை 93, என்னுடையது 110. அப்புறம் இன்னொரு விஷயம்: அடுப்பில் பர்னரும் பாத்திரமும் ஏறி உட்காருவதால் கை இன்னும் உயர வேண்டியிருக்கிறது, அதனால் அந்த மேடை தாழ்ந்திருப்பது நல்லது. சிங்க்கில் கை விளிம்புக்குக் கீழே குழிக்குள் போகிறது, அது உயர்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் குட்டை ஆள் அடுப்பில், நெட்டை ஆள் சிங்க்கில். அடுப்பு 80, சிங்க் 94 என்று முடிவு. ஆங்கில எல் எழுத்து மாதிரி இரண்டு சுவரில் மேடை வருவதால் படி விழுவது மூலையில் மட்டும்.

கொத்தனார் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. "ஒரே மட்டமா இருந்தாத்தான் பார்வையா இருக்கும் தம்பி." இருக்கட்டும். கனமான பாத்திரத்தை ஒரு மேடையிலிருந்து மற்றதற்கு இழுத்து நகர்த்த முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். நியாயம்தான், ஆனாலும் மாற்றவில்லை.

மார்ச் 24

இடித்தாயிற்று. சுவருக்குள் இருந்த இரும்புக் குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே துரு அடைத்து சுண்டுவிரல் நுழையும் துளைதான் மிச்சம். தண்ணீர் ஏன் நூலாக வந்தது என்பதற்கு இப்போது விடை கிடைத்தது. வயரிங் அதைவிட மோசம், எர்த் கம்பியே கிடையாது. ஃபிரிட்ஜும் மிக்ஸியும் ஒரே லைனில் ஓடியிருக்கின்றன. எலக்ட்ரீஷியன் கனமான சாமான்களுக்குத் தனித்தனி லைன் போடுகிறார். ஒதுக்கிவைத்திருந்த பணத்தில் நல்ல பங்கு, யார் கண்ணுக்கும் தெரியாமல் சுவருக்குள்ளேயே போய்விட்டது.

படுக்கையறை மூலையில் இண்டக்‌ஷன் அடுப்பு, பாத்திரம் கழுவுவது குளியலறையில் குந்தி உட்கார்ந்து. மேடை உயரம் பற்றி அத்தனை பேசியவனுக்கு நல்ல தண்டனை.

ஏப்ரல் 5

சிங்க் ஜன்னலுக்கு வந்தது, அடுப்பு பக்கத்துச் சுவருக்குப் போனது. காற்றில் தீ ஆடாது, சிமினிக் குழாயும் வளைவில்லாமல் நேராக வெளியே போய்விடும். கழிவுக் குழாயைத்தான் ஒன்றரை மீட்டர் நீட்ட வேண்டியிருந்தது. மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு இல்லாவிட்டால் பிசுக்கு தங்கி நாறும் என்று பிளம்பர் ரசமட்டத்தை வைத்து மூன்று தடவை பார்த்தார். பிடித்துப்போனது அந்த மனிதரை.

ஏப்ரல் 13

டைல்ஸ் ஒட்டியாயிற்று. வெள்ளை. கலர் சண்டை பத்து நிமிஷத்தில் முடிந்தது. அடுப்புப் பக்கத்து இடுக்குகளை அடைக்க எபாக்ஸி கிரவுட், பிசின் கலந்த பூச்சு. சிமெண்ட் கிரவுட் எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும், இது குடிக்காது. ஆனால் சீக்கிரம் இறுகும். ஓரமாக ஒரு வரிசையைத் துடைக்க மறந்துவிட்டார்கள், டைல்ஸ்மேல் பால் ஆடை மாதிரி ஒரு படலம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது.

ஏப்ரல் 20

குழாய் மாட்டிவிட்டுப் பிளம்பர் கிளம்பினார். கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து உயர்ந்த அழகான குழாய், நானே தேடி எடுத்தது. சாயங்காலம் அம்மா ஜன்னலைத் திறந்தாள். டங்.

எங்கள் ஜன்னல் கதவு உள்பக்கம் திறப்பது. நாலு விரல் திறந்ததும் குழாயில் இடித்து நின்றுவிட்டது. பழைய மேடையில் அந்த இடத்தில் அடுப்பு, அதுவும் இப்போதைவிட 8 செ.மீ. கீழே, அதனால் இப்படி ஒரு பிரச்சினை என் மண்டையில் ஏறவே இல்லை. "என் முழங்கையைக்கூட அளந்தியே, ஜன்னலை விட்டுட்டியா?" என்றாள். பதில் இல்லை. குட்டையான குழாய் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 28

அலமாரிகள் வந்துவிட்டன. கீழே கதவுக்குப் பதில் எல்லாம் டிராயர், குனிந்து உள்ளே தலையை விட வேண்டியதில்லை. மேல் அலமாரியின் அடியில் எல்இடி பட்டை. ஆசாரி அதைச் சுவரோரமாக ஒட்டப் போனார், முன் விளிம்புக்குக் கொண்டுவரச் சொன்னேன், வெளிச்சம் நறுக்கும் பலகைமேல் விழ வேண்டும் இல்லையா. இத்தனை காலம் அம்மா தன் நிழலிலேயே நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மே 4

குட்டைக் குழாய் மாட்டியாயிற்று. ஜன்னல் முழுசாகத் திறக்கிறது. அம்மாவின் பலகை பின்கட்டுக்குப் போய்விட்டது.

அவள் ரொம்பப் பாராட்டுவது நான் எதிர்பார்க்காத ஒன்றை. புதிய அலமாரிகளுக்கு அடியில், கால்பக்கம், 10 செ.மீ. உயரத்துக்கு உள்வாங்கி இடைவெளி விட்டிருக்கிறோம். பழைய மேடையில் கால்விரல் செங்கலில் முட்டும், அதனால் தள்ளி நின்று முன்னால் சாய வேண்டும். இப்போது பாதம் உள்ளே போகிறது, ஆள் மேடையோடு ஒட்டி நிற்கிறாள். உயரத்துக்காக அத்தனை மல்லுக்கு நின்றேன், இதை ஆசாரி என்னைக் கேட்காமலே வைத்தார்.

அந்த இடைவெளியின் பின்பக்கத்தை மூடும் பலகை மட்டும் சிங்க்குக்குக் கீழே இரண்டு விரல் குட்டையாக வந்துவிட்டது. வேறு வெட்டி நாளைக்குக் கொண்டுவருகிறாராம். இன்று மத்தியானம் டப்பா மூடி ஒன்று அந்தச் சந்து வழியாக உருண்டு உள்ளே போய்விட்டது, அவர் வந்து அடைப்பதற்குள் குச்சியை விட்டு எடுக்க வேண்டும்.