டிஜிஎஃப்-பீட்டாவை வில்லனாக்கி இழந்த ஒரு முயற்சி

நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவம்) டி.எம். உயர்சிறப்புப் படிப்பின் தேர்வு முடிவு முந்தாநாள் வெளிவந்தது. இரண்டாவது முயற்சியில் தேறியிருக்கிறேன். முதல் முயற்சியில் என்னைக் கவிழ்த்தது நீண்ட கேஸோ பயாப்சி ஸ்லைடோ அல்ல, அழற்சிசார் சிறுநீரக நோய்களில் வளர்ச்சிக் காரணிகளின் (செல்களைப் பெருகவோ மாறவோ தூண்டும் புரதங்களின்) பங்கு குறித்த ஒரே கேள்விதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆகவே அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அன்று பத்துக் காரணிகளின் பெயர்களை வரிசையாக எழுதி, டிஜிஎஃப்-பீட்டா என்ற காரணி ஃபைப்ரோசிஸை (திசு தழும்பாவதை) உண்டாக்கும், அதைத் தடுத்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்று முடித்திருந்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர், "அப்படியானால் அந்த ஜீன் இல்லாத சுண்டெலி ஏன் சில வாரங்களில் சாகிறது?" என்று கேட்டபோது வாயடைத்து நின்றேன். டிஜிஎஃப்-பீட்டா 1 அழற்சியை அடக்கவும் செய்கிறது என்பதையும், அதை நீக்கிய சுண்டெலிகள் பல உறுப்புகளில் பரவிய அழற்சியால் இறந்ததாக 1992இல் வெளியான ஆய்வையும் நான் படித்தே இருந்தேன்; ஆனால் அது இம்யூனாலஜி நோட்டில் கிடந்தது, என் பதிலோ நெஃப்ராலஜி நோட்டிலிருந்து வந்தது.

இம்முறை ஒவ்வொரு காரணிக்கும் மூன்றே கேள்விகள் வைத்துக்கொண்டேன்:

எந்தச் செல் சுரக்கிறது?
எந்தச் செல் ஏற்கிறது?
நோயின் எந்தக் கட்டத்தில்?

மூன்றாவதுதான் உயிர்நாடி. அதை எனக்குக் கற்பித்தது எலிகளில் உண்டாக்கப்படும் ஆன்டி-தை-1 நெஃப்ரைட்டிஸ் என்ற சிறுநீரக அழற்சி. ஆன்டிபாடி செலுத்தியதும் காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் வழியாக, குளோமெருலஸின் (சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சு) நுண்குழாய்களைத் தாங்கும் மெசாஞ்சியல் செல்கள் சிதைகின்றன. அடுத்த சில நாட்களில், பிளேட்லெட்டுகளும் மெசாஞ்சியல் செல்களும் வெளியிடும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் தூண்டுதலால் எஞ்சிய செல்கள் பெருகுகின்றன. அதன் பிறகு டிஜிஎஃப்-பீட்டாவின் ஆளுகையில் மேட்ரிக்ஸ் (செல்களுக்கு இடையிலான புரதப் பொருள்) படிகிறது. 1990இல் டிஜிஎஃப்-பீட்டா 1க்கு எதிரான சீரம் இந்தப் படிவைக் குறைத்தது. 1992இல் பிடிஜிஎஃப்புக்கு எதிரான ஆன்டிபாடி செல் பெருக்கத்தைக் குறைத்தது. ஒரே ஊசியோடு நிறுத்தினால் அந்த எலியின் குளோமெருலஸ் சில வாரங்களில் பெரும்பாலும் தானே சீராகிவிடுகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனெனில் உரிய நேரத்தில் அடங்கும் சுரப்பு பழுதுபார்ப்பாகவும், அடங்காத சுரப்பு தழும்பாகவும் முடிகிறது என்ற வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

மற்றவற்றுக்குச் சில வரிகள் போதும். விஇஜிஎஃப் என்ற காரணியைக் குளோமெருலஸின் வெளிப்புறச் செல்லான போடோசைட் சுரக்கிறது, இரத்தக்குழாயின் உட்படலமான எண்டோதீலியம் ஏற்கிறது. விஇஜிஎஃப்பைத் தடுக்கும் மருந்தான பெவாசிசுமாப் பெற்றவர்களில் சிலருக்குப் புரோட்டீனூரியாவும் (சிறுநீரில் புரதம் கசிதல்) த்ராம்பாட்டிக் மைக்ரோஆஞ்சியோபதியும் (நுண்குழாய்கள் சேதமுற்று இரத்தம் உறைதல்) வருவதை இந்த ஒரு வரியே விளக்கிவிடும். கிரசென்டிக் நெஃப்ரைட்டிஸுக்கு (குளோமெருலஸில் பிறை வடிவில் செல்கள் குவியும் அழற்சிக்கு) ஹெச்பி-இஜிஎஃப் என்ற காரணியை எழுதுங்கள். தழும்பாவதை எதிர்க்கும் ஹெச்ஜிஎஃப், பிஎம்பி-7 ஆகிய காரணிகள் இரண்டையும் டிஜிஎஃப்-பீட்டாவுக்கு எதிர்த்தட்டில் வையுங்கள்.

நான் படம் போடாமல் எதையும் நினைவில் நிறுத்த முடியாதவன். கடகடவென்று ஒப்பிக்கக்கூடியவர்களுக்கு இந்த முறை வீண் வேலையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு குளோமெருலஸை வரைந்து அம்புக்குறிகள் இடுவதற்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அவற்றின் கீழ் நாட்களையும் குறித்துவிடுங்கள். சிகிச்சைப் பத்தியில், டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுக்கும் ஃப்ரெசோலிமுமாப் என்ற மருந்து எஃப்எஸ்ஜிஎஸ் (குளோமெருலஸ்கள் சில தழும்பேறும் நோய்) நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்தேன். இம்முறை வந்த வெளித்தேர்வாளர் விரலை வைத்துக் கேள்வி கேட்டது அந்த வரியில்தான். சுண்டெலியிலிருந்து தொடங்கிப் பதில் சொன்னேன்.