ஸ்கோர் மேசையில் இரண்டு கதிரைகள்

பழைய மாணவர் சங்க மலர்களில் சதம் அடித்தவர்களையும் ஐந்து விக்கெட் எடுத்தவர்களையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தச் சதத்தைக் கணக்கில் ஏற்றிய மேசையைப் பற்றி எழுதியவர் குறைவு. எங்கள் மைதானத்தில் அது வேப்பமரத்தடியில் இருந்தது: ஒரு நீள மேசை, இரண்டு கதிரைகள், எங்கள் புத்தகம், எதிரணியின் புத்தகம். ஓட்டக் கணக்கைப் பதியும் ஸ்கோரர்கள் இருவர் இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட் விதி.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஸ்கோரர் ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் கெட்டிக்காரன். நல்ல ஸ்கோரர் அப்படிச் செய்வதேயில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேனை தாளில் படக்கூடாது. பந்து ஓய்ந்த பிறகு முதலில் அம்பயரைப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் எழுத வேண்டும்.

ஒற்றை ஓட்டம் ஒன்றுக்கே மூன்று பதிவு. பந்துவீச்சாளரின் ஓவர் பெட்டியில் 1, துடுப்பாட்டக்காரரின் வரிசையில் 1, 1, 2, 3 என்று அச்சிட்ட மொத்த ஓட்ட வரிசையில் ஒரு எண்ணுக்கு வெட்டு. ஓட்டமில்லாப் பந்துக்குப் புள்ளி. லெக்-பை (துடுப்பில் படாமல் உடலில் பட்டு ஓடிய ஓட்டம்) வந்தால் பெட்டியில் தலைகீழ் முக்கோணம், துடுப்பாட்டக்காரருக்குப் புள்ளி, துடுப்பால் வராத ஓட்டங்களைப் பதியும் உதிரிகளில் 1, பிறகு வெட்டு. எட்டாமல் விலகிப் போகும் வைட்டுக்குக் கூட்டல் குறி, விதி மீறி வீசிய நோ-போலுக்கு வட்டம். நோ-போலில் துடுப்பால் எடுத்த ஓட்டம் வட்டத்துக்குள் போகும். ஓவரின் ஆறு பந்தும் புள்ளியென்றால் அவற்றை இணைத்து மெய்டனுக்குரிய (ஓட்டமே கொடுக்காத ஓவர்) ‘எம்’ எழுத்தாக்குவோம். அந்தக் கோட்டை இழுப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மேசையில் இருந்த எவரும் ஒப்புக்கொள்வர்.

எழுதும் வரிசையை மாற்றக்கூடாது என்பதில் கிரிக்கெட் பொறுப்பாசிரியர் கண்டிப்பாக இருந்தார். பெட்டிதான் முதலில், ஏனென்றால் ஓவரில் எத்தனையாவது பந்து என்பது அங்கேதான் தெரியும். அந்தக் கண்டிப்புக்கு உளவியலில் ஆதாரம் உண்டு. 1927இல் ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்கர், எண் பட்டியலில் ஒரே கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிடக் கூட்டலையும் கழித்தலையும் மாறி மாறிச் செய்யும்போது நேரம் கூடுவதைக் காட்டினார். மனம் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒவ்வொரு முறையும் கூலி கேட்கிறது. ‘அடுத்து எதை எழுதுவது’ என்ற யோசனையையாவது மிச்சம் பிடித்தால் அந்தக் கூலி குறையும்.

வேகப்பந்துக்காரர் திரும்பி நடந்து போகும் நேரம்தான் ஸ்கோரரின் நேரம். சுழல்பந்துக்காரர் அந்த நேரத்தைத் தருவதில்லை. இரண்டு நிமிடத்துக்குள் ஓவரை முடித்துவிடுவார். அப்போது உதவுவது அம்பயரின் சைகைக்கு நாம் கை உயர்த்தும் பதில். ஒவ்வொரு சைகைக்கும் தனித்தனியே பதில் கிடைக்கும்வரை அம்பயர் ஆட்டத்தைத் தொடர விடக்கூடாது. ஆகவே முந்தின பந்தை எழுதி முடிக்காமல் கை உயர்த்தாதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேசை குழம்புவது விக்கெட் விழும்போதுதான். ஒரே நொடியில் வேலை இரட்டிப்பாகிறது, முன்னால் இருப்பவர்கள் எழுந்து மறைக்கிறார்கள், பப்பரே வாத்தியம் காதைப் பிளக்கிறது. அந்நேரம் பின்னால் கண்டுபிடிக்க முடியாததை முதலில் எழுத வேண்டும்: பிடி எடுத்தது யார், எத்தனை மணிக்கு, புதிதாக வருபவர் யார். பந்துவீச்சாளர் பெயரையும் விழுந்தபோதிருந்த மொத்தத்தையும் பிறகு புத்தகத்திலிருந்தே எடுக்கலாம். எங்கள் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. பிடி எடுக்கப்படுமுன் ஓடும் துடுப்பாட்டக்காரர் இருவரும் ஒருவரையொருவர் கடந்தார்களா என்று பார்க்க வேண்டும். கடந்திருந்தால் புதியவர் பந்துவீசும் முனைக்குப் போவார், மற்றவர் அடுத்த பந்தைச் சந்திப்பார். பந்து வானத்தில் இருக்கும்போது ஒரு கண் பிடிப்பவரிலும் மறு கண் ஓடுபவர்களிலும் இருக்க இயலாது. அதனால் ஒரு ஸ்கோரர் பந்தையும் மற்றவர் ஓடுபவர்களையும் பார்ப்பதாகப் பிரித்துக்கொண்டோம். 2022 ஒக்டோபரில் விதி மாறி, ஓவர் முடிந்தாலன்றிப் புதியவரே அடுத்த பந்தைச் சந்திக்கிறார். இளையவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விக்கெட்டுக்கு அடுத்த தொல்லை மேசையைத் தேடி வரும் பெரியவர்கள். “தம்பி, இப்ப எத்தினை?” என்று கேட்டால் “போர்ட்டைப் பாருங்கோ அண்ணை” என்று தலை நிமிராமல் சொல்லப் பழக்கியிருந்தார்கள். தகர இலக்கங்களை ஆணியில் மாட்டும் சின்னப் பெடியளும் ஓவர் நடுவில் கேள்வி கேட்கக்கூடாது. ஓவர் முடிய நாங்களே மொத்தம், விக்கெட், கடைசியாக ஆட்டமிழந்தவரின் ஓட்டம் என்று அதே ஒழுங்கில் சொல்வோம். பந்துக்கும் பேனைக்கும் இடையில் ஒரு கேள்வி விழுந்தால், மூன்று பதிவில் ஒன்று விடுபடும். பெரும்பாலும் மூன்றாவது, அந்த வெட்டு.

விடுபட்டதைப் பிடிக்க வழி உண்டு. துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டத்தையும் உதிரிகளையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்ததோடு ‘பை’களையும் (துடுப்பிலும் உடலிலும் படாத பந்தில் ஓடிய ஓட்டம்) லெக்-பைகளையும் கூட்டினாலும் அதே மொத்தம். ஒவ்வொரு ஓவர் பெட்டியின் மூலையிலும் அந்தப் பந்துவீச்சாளர் அதுவரை கொடுத்த ஓட்டத்தை எழுதி, ஓவருக்கு ஓவர் பக்கத்துக் கதிரையுடன் ஒத்துப்பார்த்தால், பிழை அந்த ஆறு பந்துக்குள் இருக்கும். தேநீர் இடைவேளை வரை விட்டால் முழுப் புத்தகத்தையும் கிண்ட வேண்டும். அம்பயர் தவறுதலாக ஏழு பந்து விட்டால் ஏழையும் அப்படியே பதிய வேண்டும். அவர் எண்ணியதுதான் ஓவர். ஸ்கோரர் திருத்த வெளிக்கிடக்கூடாது.

இப்போது சங்கத்தின் கோடைகாலப் போட்டிகளுக்குக் கைபேசிச் செயலி வந்துவிட்டது. ஒரு முறை தட்டினால் மூன்று இடத்திலும் தானே பதிகிறது. கூட்டல் பிழையும் இல்லை. ஆனால் வேகமான ஒற்றை ஓட்டம் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்து வரும் ஓட்டமெல்லாம் ஆள் மாறி ஏறும். திருத்த ஒவ்வொரு பந்தாகப் பின்னால் போக வேண்டும், அதற்குள் மைதானத்தில் இரண்டு பந்து போய்விடும். அதே கைபேசியில் அழைப்பும் வரும். ஆகவே இம்முறை பொறுப்பெடுப்பவர்கள் கைபேசியைப் பறக்கும் நிலையில் (flight mode) போட்டு, பக்கத்தில் ஒரு கடதாசிப் புத்தகமும் வைத்திருங்கள். இரண்டாவது கதிரைக்கு ஆளையும் முன்னமே பிடித்து வையுங்கள்.