நெட்வொர்க் வேலையிலிருந்து ஏடபிள்யூஎஸ் தேர்வுக்கு: நான் படித்த விதம்

எங்கள் சர்வர் அறையில் இருந்த நான்கு ரேக்குகளில் மூன்றைக் கழற்றி வண்டியில் ஏற்றிய அன்றுதான், கிளவுட் படித்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறைத்தது. பதினோரு வருடமாக நெட்வொர்க் டீமில் இருக்கிறேன். சுவிட்ச் மாட்டுவேன், விலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரிப்பேன், கிளை அலுவலகத்தை இணைக்கும் எம்பிஎல்எஸ் தனி லிங்க் விழுந்தால் அது எழும்வரை தூங்காமல் உட்கார்ந்திருப்பேன். நிறுவன நிர்வாக மென்பொருளான ஈஆர்பி ஓடும் சர்வர்கள், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனுக்கு (டேட்டா சென்டர் தொகுதிக்கு)ப் போய்விட்டன. கிளைகளுக்கு, மென்பொருள் வழியே இணைப்புகளை நிர்வகிக்கும் எஸ்டி-வான் வந்துவிட்டது. இனி நமக்கு வேலை இருக்குமா என்று டீமில் எல்லோருக்கும் பயம்.

வேலை இருக்கிறது. ரூட்டிங், சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), ஃபயர்வால், டிஎன்எஸ் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கேபிளும் ரேக்கும் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டன. இதை நம்பித்தான் ஏடபிள்யூஎஸ்ஸின் சான்றிதழ் தேர்வான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட், அதாவது எஸ்ஏஏ-சி03 தேர்வுக்குப் படித்தேன். 811 மதிப்பெண்ணில் தேறினேன். நெட்வொர்க், சிஸ்டம் அட்மின் வேலையிலிருந்து வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தேர்வு விவரம். 65 கேள்விகள், 130 நிமிடம். அதில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது; எவை என்று சொல்ல மாட்டார்கள். 1000-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 150 டாலர், வரி தனி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் காலியாக விடாதீர்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேர்வு நாளைப் பதிவு செய்வதற்கு முன்பே, உங்கள் சான்றிதழ் கணக்கில் இதைக் கேட்டுவிட வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு பத்தி நீளம். அந்த அரை மணி நேரம் கிடைத்ததால்தான் கடைசிப் பத்துக் கேள்விகளை நிதானமாகப் படித்தேன்.

நான்கு மாதம், தினமும் விடியற்காலை ஒன்றரை மணி நேரம் படித்தேன். பெரும்பாலான வீடியோ வகுப்புகள் ஐஏஎம் (யாருக்கு என்ன அனுமதி), ஈசி2 (வாடகை சர்வர்) என்று ஆரம்பிக்கும். நான் நேராக விபிசியில், அதாவது ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நமக்கென்று அமைக்கும் தனி நெட்வொர்க்கில் ஆரம்பித்தேன். தெரிந்த இடத்தில் கால் ஊன்றிக்கொண்டால் தெரியாததைத் தொடத் தைரியம் வரும். கண்ணை மூடிக்கொண்டு 10.0.0.0/16 என்று போடாமல், உங்கள் அலுவலகத்தில் எந்த ஐபி வரம்பு ஓடுகிறது என்று முதலில் எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வரம்பு இருந்தால் பின்னால் இணைக்கும்போது முட்டும். விபிசியின் முதல் வரம்பை உருவாக்கிய பிறகு மாற்றவும் முடியாது. ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை ஏடபிள்யூஎஸ் தனக்கு எடுத்துக்கொள்ளும். /28 (மொத்தம் 16 முகவரி) போட்டால் கையில் மிஞ்சுவது 11 மட்டுமே.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப். பப்ளிக் சப்நெட்டில் ஒரு வெப் சர்வர் வைத்தேன். செக்யூரிட்டி குரூப்பில் (சர்வருக்கான ஃபயர்வால்) 443, அதாவது ஹெச்டிடிபிஎஸ் போர்ட், திறந்தாயிற்று. புதிதாக ஒரு நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட்டுக்கான ஃபயர்வால்) எழுதி, உள்ளே 443, வெளியே 443 இரண்டையும் அனுமதித்தேன். பக்கம் திறக்கவில்லை. ரூட் டேபிளைப் பார்த்தேன், சரி. இன்டர்நெட் கேட்வே, சரி. சர்வரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், பாக்கெட் போக்குவரத்தைப் பதியும் ஃப்ளோ லாகைத் திறந்தால், உள்ளே வந்த பாக்கெட்டுக்கு அக்செப்ட், திரும்பிப் போன பாக்கெட்டுக்கு ரிஜெக்ட். என் லேப்டாப் 51000 சொச்சம் போர்ட்டிலிருந்து கேட்டிருக்கிறது. பதிலும் அதே போர்ட்டுக்குத்தான் போக வேண்டும். செக்யூரிட்டி குரூப் வந்தவரை நினைவில் வைத்துப் பதிலை விட்டுவிடும். நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு நினைவு கிடையாது. வெளியே 1024 முதல் 65535 வரை திறந்தவுடன் பக்கம் வந்துவிட்டது. பழைய ரூட்டர் ஆக்சஸ் லிஸ்ட்டில் நான் எத்தனையோ தடவை பார்த்த சங்கதி! தேர்வில் இதைத் தொட்டு வந்த கேள்விக்கு நான் யோசிக்கவே இல்லை.

பிரைவேட் சப்நெட்டிலிருந்து இணையத்துக்குப் போக நேட் கேட்வே வைத்திருந்தால், லேப் முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். வர்ஜீனியா ரீஜனில் மணிக்கு 0.045 டாலர், டேட்டாவுக்குத் தனி. 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் சேர்கிறது. நான் பத்து நாள் மறந்துவிட்டேன்: 240 மணி நேரம், 12 டாலர். முதல் நாளே பில்லிங் அலாரம் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க் போகும் திசை தெரிந்தால் கேள்விகள் எளிதாகப் பிடிபடும். இரண்டு விபிசிகளை நேராக இணைக்கும் விபிசி பியரிங்கில் நடுவில் இருப்பவர் வழியாக மூன்றாமவருக்குப் போக முடியாது. பத்து விபிசி ஒன்றோடொன்று பேச 45 பியரிங் வேண்டும். இந்தச் சிக்கலுக்காகத்தான் 2018-இல் டிரான்சிட் கேட்வே வந்தது. எல்லோரும் ஒரு நடுப்புள்ளியில் இணைந்தால் போதும். அலுவலகத்திலிருந்து கிளவுடுக்குத் தனி லைன் வேண்டுமென்றால் டைரக்ட் கனெக்ட். ஆனால் கைக்கு வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தானாக என்கிரிப்ஷனும் கிடையாது. உடனே வேண்டும், என்கிரிப்ஷனும் வேண்டும் என்று கேள்வி சொன்னால் சைட்-டு-சைட் விபிஎன். தனி லைனுக்குக் குறைந்த செலவில் மாற்று வழி கேட்டாலும் அதுதான்.

கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். 'லீஸ்ட் ஆபரேஷனல் ஓவர்ஹெட்' (பராமரிப்புச் சுமை குறைவு), 'மோஸ்ட் காஸ்ட் எஃபெக்டிவ்' (செலவு குறைவு) என்று அங்கேதான் இருக்கும். நானே ஓர் உதாரணம் சொல்கிறேன்: பிரைவேட் சப்நெட்டில் உள்ள சர்வர், ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பகமான எஸ்3-யிலிருந்து ஃபைல் எடுக்க வேண்டும், செலவு குறைய வேண்டும். நேட் கேட்வே போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் விபிசியிலிருந்து எஸ்3-க்கு நேராகப் போகும் கேட்வே எண்ட்பாயிண்ட்டுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு விடையும் வேலை செய்யும் என்ற நிலையில் அந்தக் கடைசி வரிதான் முடிவு செய்யும்.

நெட்வொர்க்காரர்கள் தடுமாறும் இடம் டேட்டாபேஸ். மல்டி-ஏஇசட்டையும் ரீட் ரெப்ளிகாவையும் முதல் மாதிரித் தேர்வு முழுக்கக் குழப்பிக்கொண்டேன். ஒன்று விழுந்தால் இன்னொன்று எழுந்து நிற்க மல்டி-ஏஇசட். படிக்கும் பாரத்தைப் பிரித்துக்கொள்ள ரீட் ரெப்ளிகா. இந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்கினேன்.

டம்ப்ஸ் (திருட்டுத்தனமாக விற்கும் தேர்வுக் கேள்விகள்) வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் போய்விடும். போகாவிட்டாலும், இன்டர்வியூவில் மார்க்கரைக் கையில் கொடுத்து, இரண்டு ரீஜனில் உள்ள விபிசிகளை உங்கள் டேட்டா சென்டரோடு இணைத்து வரையச் சொல்வார்கள். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆறிப்போக உட்கார்ந்தவருக்குக் கை தானாக வரையும்.

தேறியவர்களுக்கு அடுத்த தேர்வுக்கு 50 சதவீதக் கட்டணச் சலுகை கணக்கில் வந்து சேரும். நான் அதை அட்வான்ஸ்டு நெட்வொர்க்கிங் தேர்வுக்கு வைத்திருக்கிறேன். அதன் முழுக் கட்டணம் 300 டாலர். பழைய பிஜிபி (ரூட்டிங் நெறிமுறை) நோட்டைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று.